புளிக்க வைத்த இறால் ஓடுகள்

ஆய்வகக் கதவில் ஒட்டியிருந்த தாளில் யார் பெயரும் இல்லை. ‘வாளியை இன்றே அப்புறப்படுத்தவும்’ என்று மட்டும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். அந்தத் தளத்தில் வாளி வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். அதற்குள் நாலு கிலோ இறால் தலையும் ஓடும், கொஞ்சம் வெல்லப்பாகும், ஆய்வகத்தில் வளர்த்த பாக்டீரியாவும் இருந்தன. மூன்று நாளில் புளித்திருக்க வேண்டும். அழுகிவிட்டது. கீழ்மாடிப் படிக்கட்டு வரைக்கும் நாறியது.

பேராசிரியை மூக்கில் கைக்குட்டையோடு என்னைக் கூப்பிட்டார். கன்னடமும் ஆங்கிலமும் கலந்து பேசுகிறவர். கோபித்துக்கொள்ளவில்லை. “தலைப்பை மாத்திக்கோ, இல்லேன்னா இடத்தை மாத்திக்கோ. மத்தவங்களும் இங்க வேலை செய்யணும் இல்லையா?” என்றார். தவிட்டிலிருந்து நொதி எடுக்கிற வேலை ஒன்று தயாராக இருக்கிறது, சுத்தமான வேலை, சீக்கிரமே பட்டம் வாங்கிவிடலாம் என்றும் சொன்னார். என் நன்மைக்குத்தான் சொன்னார்.

“இடத்தை மாத்திக்கறேன் மேடம்.”

எந்த இடம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. பெங்களூரிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் சாயங்கால ரயில் பங்காரப்பேட்டையைத் தாண்டி, மாரிகுப்பத்தை நோக்கித் திரும்பிய பிறகுதான் எங்கள் வீட்டுக் குளியலறை ஞாபகம் வந்தது.

நான் கோலார் தங்கவயலில் ஸ்கெலட்டன் என்ற பகுதியில், சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள். அப்பா நந்திதுர்க் சுரங்கத்தில் கீழே இறங்கி வேலை செய்தவர். நான் எட்டாவது படித்தபோது, நெஞ்சில் கல்தூசி சேர்ந்து இறந்துபோனார். அதற்குப் பிறகு அம்மா மீன் விற்க ஆரம்பித்தாள். சென்னையிலிருந்து ஐஸ் பெட்டிகளில் பங்காரப்பேட்டைக்கு ரயிலில் வரும் மீனை விடியற்காலையில் போய் எடுத்துவந்து, மார்க்கெட்டில் கோணி விரித்து உட்காருவாள். இறால் என்றால் உரித்துத் தந்தால்தான் வாங்குவார்கள். முக்கியமாக, கனரகத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸிலிருந்து வருகிறவர்கள். தலையையும் ஓட்டையும் கழித்தால் வந்த எடையில் பாதிதான் மிஞ்சும். மற்றதெல்லாம் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த குழிக்குப் போகும். அந்தக் குழியைத் தாண்டித்தான் நான் பள்ளிக்கூடத்துக்கு நடப்பேன். ‘மீன்காரம்மா பொண்ணு வரா’ என்று மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள்.

பெங்களூரில் எம்.எஸ்சி. படித்தபோது ஒருநாள் வகுப்பில் இறால் ஓட்டைப் பற்றிப் பாடம் நடந்தது. ஓட்டில் மூன்று பொருள்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன: புரதம், சுண்ணாம்பு, கைட்டின். கைட்டின் என்பது நார் மாதிரியான ஒன்று. காயத்துக்குக் கட்டுப் போட, அழுக்குத் தண்ணீரைத் தெளிய வைக்க, பயிருக்கு என்று பல வேலைக்கு ஆகும். தொழிற்சாலைகளில் கடுமையான அமிலத்தாலும் காஸ்டிக் சோடாவாலும் அதைப் பிரிக்கிறார்கள். புரதம் வீணாகிறது, அமிலத் தண்ணீர் வெளியே ஓடுகிறது. அதற்குப் பதில், தயிரைப் புளிக்க வைப்பது போன்ற பாக்டீரியாவிடம் இந்த வேலையைக் கொடுக்கலாம். அது சர்க்கரையைத் தின்று அமிலம் உண்டாக்கும். அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும். இறால் தலையிலேயே இருக்கும் செரிமான நொதிகள் புரதத்தைச் சாறாக்கிவிடும். சாறு கோழிக்கும் மீனுக்கும் தீவனம், மிச்சம் கைட்டின். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். நான் பேனாவைத் திறக்கவே இல்லை. அந்தக் குழியையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது வேறு தலைப்பு எதையும் நான் யோசிக்கவில்லை.

வாளியை அப்புறப்படுத்திய அன்று வீட்டுக்கு வந்து, இனி குளியலறையில்தான் ஓட்டைப் புளிக்க வைக்கப்போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன்.

“குளிக்கறது எங்கடி?” என்று கேட்டாள்.

“அடுப்பு ஓரமா தட்டி வச்சி மறைச்சிக்கலாம்மா.”

அம்மா மீன் கூடையை எடுத்துவந்தாள். கூடையைக் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தாள். அவள் பேசாமலிருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அது தவறு என்று பின்னால் தெரிந்தது.

குளியலறை தகரக் கூரை போட்ட சின்ன அறை. ஓட்டல்களிலிருந்து பழைய ஊறுகாய் டப்பாக்கள் எட்டு வாங்கிவந்தேன். அம்மா கழித்த ஓட்டை இடித்து, வெல்லப்பாகும் உப்பும் கலந்து, ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த பாக்டீரியாவை ஊற்றி இறுக மூடி வைத்தேன். தினமும் காலையில் ரயிலுக்கு ஓடுமுன் ஒவ்வொரு டப்பாவிலும் சோதனைத் தாளை நனைத்து அமிலம் ஏறுகிறதா என்று பார்ப்பேன். தாளின் நிறம் பிடிவாதமாக மாறாமலே இருந்தது. நாலாம் நாள் ஓடு கறுத்துக் கொழகொழத்து நாறியது. மறுபடி கழுவினேன், மறுபடி வைத்தேன். மறுபடி அதே நாற்றம்.

பக்கத்து வீட்டு மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் வந்து நின்றார். சுரங்கத்தின் பாறை அரைக்கும் மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அப்பாவின் சிநேகிதர். அவருக்கும் நெஞ்சு சரியில்லை. நாலு வார்த்தைக்கு ஒருதரம் நிறுத்தி மூச்சு வாங்குவார்.

“இன்னாமா, படிச்ச பொண்ணு நீ. உன்ன நான் ஒண்ணும் சொல்லக்கூடாது. ஆனா மூச்சு வுட முடியல. சன்னல மூடினா காத்து இல்ல, தெறந்தா உன் சங்கதி உள்ள வருது.”

“மாமா, சரியா வந்தா நாத்தம் வராது. அழுகறதாலதான் வருது.”

“எப்ப சரியா வரும்?”

தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். “ஒரு மாசம் குடுங்க மாமா” என்றேன்.

“ஒரு மாசம். அப்பறம் நானே வந்து டப்பாவத் தூக்கி வெளிய வச்சிடுவேன். கோச்சிக்கக்கூடாது.” சொல்லிவிட்டு, படியில் கைவைத்து நின்று மூச்சு வாங்கி, போய்விட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதே நெஞ்சு நோயில்தான் அப்பா போனார். நிறுத்திவிடலாமா என்று அன்று மட்டும் யோசித்தேன். பிறகு ஒரு நோட்டில் நாளுக்கு ஒன்றாக முப்பது கட்டங்கள் வரைந்தேன்.

பதினோராவது கட்டத்தில் ஒன்று நடந்தது. அது மார்கழி மாதம். தங்கவயல் மேட்டுப் பூமி, காலையில் வாயைத் திறந்தால் புகை வரும். எட்டு டப்பாக்களில் ஏழு வழக்கம்போல அழுகியிருந்தன. எட்டாவதைத் திறந்தபோது மூக்கில் வேறு வாசனை ஏறியது. புளித்த மாவு வாசனை. தாளை நனைத்தேன். நிறம் மாறியது. அன்று ரயிலைத் தவறவிட்டேன். டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, இதற்கு மட்டும் என்ன ஆயிற்று என்று குளியலறையிலேயே உட்கார்ந்திருந்தேன். எட்டிலும் ஒரே ஓடு, ஒரே வெல்லம். கடைசியில் முதுகு சுட்டுத்தான் புரிந்தது. நான் சாய்ந்திருந்த சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் அடுப்பு இருந்தது. எட்டாவது டப்பா அந்தச் சுவரை ஒட்டி இருந்தது.

குளிர்தான் காரணம். குளிரில் என் பாக்டீரியா சோம்பிக் கிடந்தது, அழுக வைக்கும் பாக்டீரியாக்கள் முந்திக்கொண்டன. அம்மாவின் உடைந்த தெர்மகோல் ஐஸ் பெட்டிகளைச் சேர்த்துக் கட்டி ஒரு பெரிய பெட்டி செய்தேன். உள்ளே ஒரு நாற்பது வாட் பல்பு. கரண்ட் போனால் சுடுதண்ணீர் பாட்டில்கள். புளித்த டப்பாவிலிருந்த பாக்டீரியாவை ஆய்வகத்தில் பிரித்தெடுத்து வளர்த்தேன். இறால் தலையின் உப்பையும் நாற்றத்தையும் தாங்கி ஜெயித்தது அதுதானே. இனி அதையே பயன்படுத்துவது என்று முடிவு செய்தேன்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஓட்டிலுள்ள சுண்ணாம்பு, பாக்டீரியா உண்டாக்கும் அமிலத்தை உடனுக்குடன் தின்றுவிடும். அமிலம் ஏறும், மறுநாள் இறங்கும். வெல்லத்தை இரட்டிப்பாக்கினேன். தொடக்கத்திலேயே கொஞ்சம் வினிகர் சேர்த்தேன். ஓட்டை இன்னும் பொடியாக இடித்தேன். ஒவ்வொன்றையும் தனித்தனியாக மாற்றிப் பார்த்து நோட்டில் எழுதினேன். கையில் ஓடு குத்திக் குத்திச் சோறு பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிட்டேன்.

இருபதாம் கட்டத்தில் டப்பாக்களில் ஐந்து புளித்தன. ஒன்றை ஆய்வகக் கருவியில் சோதிக்க வேண்டும் என்று பையில் வைத்து, பெண்கள் பெட்டியில் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும்போது வாயு வரும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். எனக்கு அது நினைவில்லை. ஒயிட்ஃபீல்டு நெருங்கும்போது சீட்டுக்கு அடியில் ‘டமார்’ என்றது. மூடி பறந்து கூரையில் மோதியது. ஆரஞ்சு நிறச் சாறு நாலு பேர் புடவையில் தெறித்தது.

“ஐயோ, பாம்!” என்று யாரோ கத்தினார்கள். எல்லோரும் கதவுப் பக்கம் ஓடினார்கள்.

“பாம் இல்லங்க, இறால் ஓடு!” என்று நான் கத்தினேன். அதுவரைக்கும் அதைவிடக் கேவலமான வாக்கியம் என் வாயிலிருந்து வந்ததில்லை.

எதிர் சீட்டில் இருந்தவர் ஆபீசுக்குப் போகும் ஒரு அம்மா. அவருடைய வெளிர் நீலப் புடவை முழுக்க ஆரஞ்சுப் புள்ளிகள். “இன்னாமா இது, அறிவு கீதா உனக்கு? இந்தப் புடவையோட நான் எப்படி ஆபீசுக்குப் போறது?” என்றார். பின்னாலிருந்து ஒரு குரல், “இது நம்ம மார்க்கெட் மீன்காரம்மா பொண்ணுதானே?” என்றது.

பள்ளிக்கூட நாளாக இருந்தால் தலையைக் குனிந்திருப்பேன். அன்று துப்பட்டாவால் தரையைத் துடைத்துக்கொண்டே, “ஆமாங்க, அவங்க பொண்ணுதான்” என்றேன். புடவைக்காரம்மாவிடம், புடவையை நாளைக்குக் கொண்டுவந்து கொடுங்கள், துவைத்துத் தருகிறேன் என்றேன். மறுநாள் அவர் நிஜமாகவே கொண்டுவந்தார். மூன்று தரம் துவைத்தேன். நாற்றம் போனது, ஒரு புள்ளி மட்டும் போகவில்லை. இறால் ஓட்டின் சிவப்புச் சாயத்தை அப்படியே எடுத்துச் சேமிக்க முடியும் என்று அந்தப் புள்ளியைப் பார்த்துத்தான் எனக்குத் தோன்றியது. என் ஆய்வில் ஒரு அத்தியாயம் அதைப் பற்றியது.

அதன் பிறகு பால் கேன்காரர்களும் கீரைக்காரம்மாக்களும் ஏறும் சரக்குப் பெட்டியில் போகத் தொடங்கினேன். அங்கே என் டப்பாவை யாரும் ஏனென்று கேட்கவில்லை.

வெடித்ததும் நல்லதுக்குத்தான். மருந்துக் கடையில் டிரிப்ஸ் ஏற்றும் குழாய்கள் வாங்கி, ஒவ்வொரு மூடியிலும் துளை போட்டுச் செருகி, மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டேன். வாயு தண்ணீருக்குள் குமிழி விட்டு வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது. எட்டுப் பாட்டில்களும் குமிழி விடும் சத்தம் கேட்டால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். அடுத்த தடவை எட்டு டப்பாவும் புளித்தன. ஒன்றுகூட அழுகவில்லை. இரண்டு நாளில் அமிலம் நான் நினைத்த அளவுக்கு வந்தது. ஒரு வாரத்தில் மேலே தெளிந்த சாறு, அடியில் வெளுத்துத் துவண்ட ஓடு. முன்பு விரலைக் குத்திய ஓடு இப்போது ஈரத் தாள் மாதிரி மடிந்தது.

முப்பதாவது நாள் மாமா வந்தார். டப்பாவைத் தூக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் வாசலிலேயே நின்று தயங்கினார்.

“இன்னாமா, வேலைய வுட்டுட்டியா? நான் சொன்னத மனசுல வச்சிக்கினு நிறுத்திடலியே?”

“இல்ல மாமா. ஏன் கேக்கறீங்க?”

“ஒரு வாரமா ஒரு வாசனையும் வரல. சன்னல தெறந்துதான் படுத்துக்கினு கீறேன்.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவரை உள்ளே கூட்டிப்போய் டப்பாவைத் திறந்து காட்டினேன். பயந்து பயந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோனார். “மோர் மாதிரி கீதே!” என்றார். ஆய்வகத்தில் எத்தனையோ கருவிகளில் அந்தச் சாற்றைச் சோதித்திருக்கிறேன். எந்தக் கருவி சொன்னதும் எனக்கு அந்த அளவு நிச்சயமாகப் படவில்லை.

பேராசிரியை அளவுகளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். “நல்லா வந்திருக்கு. ஆனா ஒரு தடவை வந்தா அதிர்ஷ்டம். ஒரே மாதிரி மூணு தடவை செஞ்சு காட்டு. அதுவும் அன்னன்னைக்கு உரிச்ச புது ஓட்டுல” என்றார். அது நியாயம்.

முதல் தடவைக்கான ஓட்டை ஞாயிற்றுக்கிழமை எடுத்து வைக்கச் சொல்லி அம்மாவிடம் சொல்லியிருந்தேன். மத்தியானம் மார்க்கெட்டுக்குப் போனால் வாளி காலி.

“மறந்துட்டேன். குழில போட்டுட்டேன்” என்றாள்.

அடுத்த ஞாயிறும் அப்படியே. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “வேணும்னே கொட்டினியாம்மா?”

அம்மா அரிவாள்மணையைத் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“ஆமா, வேணும்னேதான் கொட்டினேன். உங்கப்பா போனப்பறம் இந்தக் கூடையத் தூக்கினேன். உன் யூனிபார்ம்ல என் வாசன ஒட்டக்கூடாதுன்னு தனி வாளில ஊறப்போட்டேன், தனிக் கயித்துல காயப்போட்டேன். எதுக்கு? நீயாவது நாறாம இருக்கணும்னுதான். பெங்களூர் போய்ப் படிச்சிட்டு, திரும்பி வந்து அதே தலைய, அதே ஓட்டக் கையில எடுத்துக்கினு நிக்கற. ரயில்ல எல்லாரும் சிரிக்கறாங்களாம். மார்க்கெட்டுல வந்து சொல்றாங்க. நான் நாறினது போதாதா?”

அந்தத் தனிக் கயிறு எனக்குத் தெரியும். வீட்டுக்கு முன்பக்கம் வெயில் நன்றாக விழும் இடத்தில் கட்டியிருப்பாள். அது எதற்கென்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கைட்டினைப் பற்றி விளக்கினால் அது அவளுக்குப் பதிலாகாது.

அடுத்த ஞாயிறு அவளுக்கு முன்னால் எழுந்து பழைய புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டேன். பங்காரப்பேட்டைக்குக் கூடவே போனேன். மார்க்கெட்டில் அவள் கோணிக்குப் பக்கத்தில் இன்னொரு கோணி விரித்து உட்கார்ந்து இறால் உரிக்க ஆரம்பித்தேன். எட்டு மணிக்குள் கூட்டம் வந்துவிட்டது. எனக்கு அறிவியல் எடுத்த டீச்சர் வந்தார். ரயிலில் வரும் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர், “இன்னாமா, ஆராய்ச்சின்னு சொன்னாங்க, இங்க உக்காந்துக்கினு கீற?” என்று கேட்டார்.

“இதுதாங்க ஆராய்ச்சி. உங்களுக்கு எத்தினி கிலோ?” என்றேன்.

அவர் சிரித்துவிட்டு இரண்டு கிலோ வாங்கினார். டீச்சர் மட்டும் நின்று, ஓட்டை என்ன செய்வாய் என்று கேட்டார். உரித்துக்கொண்டே சொன்னேன். அவர் பக்கத்தில் நின்றவர்களும் கேட்டார்கள். காயத்துக்குக் கட்டுப் போடும் சங்கதி வரைக்கும் சொன்னேன். அம்மா தராசைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று தெரிந்தது. ஒருவருக்கு எடை போட்டதையே மறுபடி போட்டாள்.

பத்து மணிவாக்கில், “ஏய், அப்படிப் பிச்சா தலைல இருக்கற ரசமெல்லாம் தரையில போவுது. உனக்கு அதுதானே வேணும்?” என்றாள். எழுந்து போய் ஒரு டப்பாவில் ஐஸ் போட்டுக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். மூன்று தடவைக்கும் ஓடு புதிதாக, ஐஸோடு வந்தது. மூன்று தடவையும் புளித்தது.

ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த நாட்களில்தான், இரண்டாயிரத்து ஒன்றின் தொடக்கத்தில், சுரங்கத்தை மூடினார்கள். தொழிலாளிகள் கூடி நின்று கத்தினார்கள், அழுதார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள். நான் போகும் காலை ரயிலில் கூட்டம் இரட்டிப்பானது. சுரங்கத்துக்குள் நாலாயிரம் அடிக்குக் கீழே வெடி வைத்தவர்கள் வாட்ச்மேன் சட்டை போட்டுக்கொண்டு பெங்களூருக்கு வேலைக்குப் போனார்கள். சரக்குப் பெட்டியிலும் உட்கார இடமில்லை. நின்றுகொண்டே பக்கங்களைத் திருத்தினேன். பட்டம் கிடைத்தாலும் தங்கவயலில் எனக்கு வேலை இருக்காது என்று தெரியும். இருந்தாலும் அந்த அத்தியாயத்தை முடித்தேன், அடுத்ததை முடித்தேன்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், “இது எட்டு டப்பா. எட்டு டன் வந்தா என்ன செய்வீங்க?” என்றார். நான் புத்தகத்தில் படித்ததைச் சொல்லவில்லை. ஓடு உரித்து எத்தனை மணி நேரத்தில் கறுக்கிறது, ஐஸ் இல்லாவிட்டால் என்னாகும், இடிப்பது ஏன் முக்கியம், எங்கே வெடிக்கும் என்று சொன்னேன். வெடித்த இடம் ரயில் என்றதும் அவர் சிரித்துவிட்டார். பிறகு, மங்களூர்ப் பக்கத்தில் ஒரு இறால் ஏற்றுமதித் தொழிற்சாலை இதுபோல ஒருவரைத் தேடுகிறது என்று சொன்னவரும் அவர்தான்.

அங்கே எனக்குக் கொடுத்தது ஒரு ஷெட்டும், ஐந்நூறு லிட்டர் தொட்டி ஒன்றும். முதல் தடவை வைத்தது அழுகியது. ஓரத்தில் புளித்து நடுவில் நாறியது. கலக்கும் துடுப்பு நடுவரைக்கும் எட்டவில்லை. இரண்டாவது தடவைக்குத் துடுப்பை மாற்றச் சொன்னேன். வெல்டரிடம் நின்று வாங்கினேன். அது பாதிதான் புளித்தது, பாதி அழுகியது. மூன்றாம் தடவை வைக்கும் வாரத்தில் அம்மா பஸ்ஸில் என்னைப் பார்க்க வந்தாள்.

அன்று லாரி ஓட்டைக் கொண்டுவந்து ஷெட் வாசலில் நின்றது. திறந்து பார்த்தேன். தலைகள் கறுக்கத் தொடங்கியிருந்தன. ஐஸ் உருகி எவ்வளவோ நேரம் ஆகியிருந்தது. இறக்க வேண்டாம் என்றேன். மேலாளர் வேகமாக வந்தார்.

“இன்னைக்குத் தொட்டி வைக்கணும்னு மேலிடத்துல சொல்லியாச்சு. கொஞ்சம் கறுத்தா என்ன, எப்படியும் புளிக்கத்தானே போகுது?”

“இது புளிக்காது சார், அழுகும். போன தடவையும் அதுக்கு முந்தின தடவையும் பாத்தோம். இன்னொரு தடவை அழுகினா இந்த ஷெட்டையே மூடிடுவீங்க. நாளைக்கு உரிச்ச ஓடு, ரெண்டு மணி நேரத்துக்குள்ள, ஐஸ்ல வேணும். இந்த லாரி திரும்பிப் போகட்டும்.”

அவர் என்னைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார். நான் கதவை விட்டு நகரவில்லை. கடைசியில் டிரைவரிடம் கையைக் காட்டினார். லாரி பின்னால் போய்த் திரும்பியது. அம்மா ஷெட் ஓரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஐஸில் வந்த ஓட்டைத் தொட்டியில் போட்டோம். மூன்றாம் நாள் காலையில் தாளை நனைத்தேன். ஓரத்திலும் நடுவிலும் அடியிலும் ஒரே நிறம். அந்த வாரக் கடைசியில் சாற்றை வடித்து, ஓட்டை அலசி, வழக்கமாகப் பிடிப்பதில் ஒரு சின்னப் பங்கு அமிலமும் காஸ்டிக்கும் மட்டும் காட்டி, வெயிலில் பரப்பினோம். வெள்ளைச் செதில்களாகக் காய்ந்தது. மேலாளர் கைநிறைய அள்ளிப் பார்த்துவிட்டு, இரண்டாவது தொட்டிக்கு இடம் எங்கே வேண்டும் என்று கேட்டார்.

என்னோடு தங்கிவிடச் சொல்லி அம்மாவிடம் எவ்வளவோ சொன்னேன். “என் கோணி அங்க காலியா கீது” என்று கிளம்பிவிட்டாள். பஸ் ஏறுமுன் ஊருக்கு ஒரு போன் போட வேண்டும் என்றாள். எஸ்.டி.டி. பூத்துக்குக் கூட்டிப்போனேன். எங்கள் லைன் முனைக் கடையில் மாமாவைக் கூப்பிட்டு நிறுத்தியிருந்தார்கள். அவர் என்ன கேட்டாரோ தெரியாது. அம்மா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பூத்துக்கு வெளியே நிற்பவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னாள்:

“லாரி நெறைய ஓடு வந்துச்சி. நல்லா இல்லன்னு என் பொண்ணு திருப்பி அனுப்பிச்சிட்டா!”